அண்ணன் போட்ட ‘அபவுட்’

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் வேண்டிய 500 இங்கிலீஷ் வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ் அர்த்தம், கீழே ஒரு மாதிரி வாக்கியம். பி.காம் முடித்துவிட்டு, திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாகச் சேரப்போகிறாள். சேர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. “மாமா, ஒரு நாளைக்கு 20 வார்த்தைன்னு வெச்சா 25 நாள்ல முடிஞ்சுரும். இது போதும்ல?” என்று கேட்டிருந்தாள். புரட்டிப் பார்த்தேன். நெகோஷியேஷன், பேச்சுவார்த்தை. ரெவின்யூ, வருவாய். ப்ராஃபிட்டபிலிட்டி, இலாபத்தன்மை. தப்பு என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. ‘போதும் கண்ணு’ என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். ‘போதாது’ என்று டைப் செய்தேன். வேறென்ன படிக்கட்டும் என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதையும் அழித்தேன். பார்த்துவிட்டேன் என்று காட்டும் இரண்டு நீல டிக்கோடு மூன்று நாள் அவளைக் காக்கவைத்துவிட்டேன். நடுவில் ஒரு ராத்திரி எழுந்து அந்தப் பிடிஎஃப்பில் ஒரு வார்த்தையைத் தேடினேன். ‘அபவுட்’. இல்லை. எப்படி இருக்கும்? ஆறாம் வகுப்பிலேயே படித்து முடித்த வார்த்தை அது.

என்னிடமும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. காங்கேயம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் படித்தவன் நான். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, கடனீந்தோர் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கல்லூரியில் முதல் வாரம் ‘லெட்ஜர், லெட்ஜர்’ என்று வாத்தியார் சொன்னபோது அது ஏதோ புது ஆயுதம் என்று பயந்து, இரண்டு நாள் கழித்து அட, நம்ம பேரேடு என்று தெரிந்ததும் சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்தமாதிரி இருந்தது. 2008-ல் ஒரு பனியன் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்தேன். அனுப்பர்பாளையத்தில் மூன்று பேரோடு ரூம். ராத்திரி பத்து மணிக்கு மேல், 30 நாளில் இங்கிலீஷ் பேச வைக்கிறேன் என்று சத்தியம் செய்கிற வகைப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு 40 பக்க நோட்டில் வார்த்தைகளை எழுதுவேன். நீளமான வார்த்தை என்றால் கூடுதல் சந்தோஷம். ரூமில் இருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், “இத்தனை நீள வார்த்தையெல்லாம் எவன் கிட்ட பேசப்போற?” என்பார். அவருக்குப் பீஸ் ரேட் எவ்வளவு என்பது தவிர வேறு இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. அதை வைத்தே காங்கேயம் ரோட்டில் இடம் வாங்கினார்.

நோட்டில் எழுதிய அர்த்தத்தோடு கம்பெனிக்குள் போனால் பல வார்த்தைகள் ஆளே மாறி நின்றன. டிஸ்கவுண்ட் என்றால் தள்ளுபடி, ஆடி மாதம், ஜவுளிக்கடைக் கூட்டம், அம்மா முகத்தில் சிரிப்பு. கம்பெனியில் “டிஸ்கவுண்ட் கேக்கறானுங்க” என்று யாராவது சொன்னால் முதலாளி மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார். கல்லாவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே வார்த்தை இனிக்கும் அல்லது கசக்கும் என்பதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. க்ளைம் என்பதும் அப்படித்தான். புத்தகத்தில் ‘உரிமை கோருதல்’. திருப்பூரில் “க்ளைம் வந்துருச்சு” என்றால் சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, துணி சாயம் போகிறது, தையல் பிரிகிறது என்று பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன், பணத்தைப் பிடித்துக்கொண்டான் என்று அர்த்தம். ‘அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்’ என்று சாம்பிளுக்குப் பதில் வந்தால் முதல் வார்த்தையைப் பார்த்துக் கட்டிங்குக்குத் துணியைப் போட்டவர்களும் உண்டு, கடைசி வார்த்தையைப் பார்த்துப் பிழைத்தவர்களும் உண்டு. ஒரு பிரிட்டிஷ் பையர் ‘க்வைட் குட்’ என்று எழுதினதை நான் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று மொழிபெயர்த்து சாம்பிள் செக்‌ஷன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ‘ஏதோ பரவாயில்லை’ என்பதுதான் அவர்கள் ஊரில் அதற்குப் பெரும்பாலும் பொருள் என்று அடுத்த மெயிலில் வந்த ஒன்பது திருத்தங்கள் சொல்லிக்கொடுத்தன.

இதெல்லாம் சிரித்துக் கடந்த சங்கதிகள். அபவுட் அப்படி இல்லை.

நான் திருத்திய இங்கிலீஷ்

எங்கள் டாக்குமெண்ட் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது பெயில். பதினைந்து வயதில் கைமடி வேலைக்கு வந்து, செக்கிங், பேக்கிங் என்று ஏறி, பெட்டிக்கு மேல் ஸ்டென்சில் வைத்து மார்க் அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்தைப் பழகி, அங்கிருந்து டைப்ரைட்டருக்கும் அப்புறம் கம்ப்யூட்டருக்கும் வந்தவர். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசி நான் கேட்டதில்லை. 2009-ல் அவரை இரண்டாவது யூனிட்டுக்கு அனுப்பியபோது ஒரு சின்ன ஐரோப்பிய பையரின் ஃபைலை முழுசாக என் கையில் கொடுத்தார்கள். முதல் சொந்த ஃபைல். அண்ணன் போட்டு வைத்திருந்த பழைய புரோஃபார்மா இன்வாய்ஸை, அதாவது சரக்கு ஏற்றுமுன் பையருக்கு அனுப்பும் விலைப்பட்டியலை, கம்ப்யூட்டரில் திறந்து, தேதியையும் ஸ்டைல் நம்பரையும் மாற்றினால் போதும். திறந்தேன். ‘அபவுட் 12,000 பீசஸ்’ என்று இருந்தது. கீழே தொகைக்கு முன்னாலும் ‘அபவுட்’. எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம்தானே, அதென்ன ‘சுமார்’? சந்தையில் தக்காளிக்கு விலை சொல்கிறமாதிரி. என் புத்தகத்தில் ஒரு பாடமே இருந்தது: வியாபாரக் கடிதத்தில் மழுப்பல் வார்த்தை கூடாது, எதையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று. இரண்டு அபவுட்டையும் அழித்தேன். அழித்த இடத்தில் ‘டோட்டல்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. பாவம் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாம் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அந்தப் புரோஃபார்மாவை வைத்துப் பையரின் பேங்க் எல்.சி. திறந்தது. எல்.சி. என்றால், சொன்னபடி சரக்கை ஏற்றி, சொன்னபடி காகிதம் கொடுத்தால் பேங்கே பணம் கொடுக்கும் என்ற வாக்குறுதி. பேங்குகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட்டில் எல்லாம் பெரிய எழுத்தாக இரண்டு மூன்று பக்கம் வரும். வரிக்கு வரி என் புரோஃபார்மாவோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகில்லை. 12,000 பீஸ், பீஸுக்கு 2.40 டாலர், மொத்தம் 28,800 டாலர். ஏற்றவேண்டிய கடைசித் தேதி தனி வரியில். தொகைக்குக் கூடக் குறைய எத்தனை சதவீதம் போகலாம் என்று சொல்லும் ‘39ஏ’ என்ற கட்டம் அதில் இல்லவே இல்லை. இல்லாத கட்டத்தை யார் கவனிக்கிறார்கள்?

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆர்டர் எத்தனையோ அத்தனையே கட்டிங் போட மாட்டோம். டேமேஜ், ரிஜெக்‌ஷன் என்று கழியும் என்பதால் மூன்று முதல் ஐந்து சதவீதம் சேர்த்தே வெட்டுவோம். அந்த முறை தையல் நன்றாக வந்துவிட்டது. செக்கிங்கில் கழிந்தது கொஞ்சம்தான். பெட்டிக்கு 60 பீஸ் என்று 200 பெட்டி ஆகவேண்டிய இடத்தில் 206 பெட்டி நின்றது. பேக்கிங் மாஸ்டர் போனில் கேட்டார்: “ஆறு பெட்டி கூட இருக்குதுங்க. ஏத்தீறலாமா, காதர்பேட்டைக்குப் போட்டுறலாமா?” திருப்பூர்ச் சந்தையான காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று அப்போது பீஸ் 30 ரூபாய்க்குப் போனது. கப்பலில் போனால் 2.40 டாலர். எப்போதும் ஏற்றுவதுதானே என்று நினைத்து, ஏற்றச் சொன்னேன். கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போனது, கப்பல் ஏறியது. 12,360 பீஸுக்கு 29,664 டாலர் என்று இன்வாய்ஸ் போட்டு, பேக்கிங் லிஸ்ட், கப்பல்காரன் கொடுக்கும் ரசீதான பி.எல். எல்லாம் சேர்த்து பேங்கில் கொடுத்துவிட்டு, வழியில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டேன். அந்த பன் ருசிகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து பேங்கிலிருந்து போன். “சார், டிஸ்கிரிபன்சி இருக்கு. குவான்டிட்டி ஓவர்ஷிப்டு, எல்.சி. ஓவர்டிரான்.” என் 40 பக்க நோட்டில் டிஸ்கிரிபன்சி இருந்தது. ‘முரண்பாடு’ என்று அர்த்தமும் எழுதியிருந்தேன். முரண்பாடு என்றால் பேசித் தீர்க்கிற ஏதோ கருத்து வேறுபாடு என்று நினைத்து, “சரிங்க சார், பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தேன். சொன்ன அளவுக்கு மேல் சரக்கு, சொன்ன தொகைக்கு மேல் பில், காகிதம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, அதனால் பேங்க் பணம் கொடுக்கவேண்டியதில்லை என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம். முதலாளி காதுக்குப் போனபிறகுதான் கம்பெனி அதிர்ந்தது. அண்ணனை இரண்டாவது யூனிட்டிலிருந்து வரச்சொன்னார்கள்.

டிவிஎஸ் ஃபிஃப்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எல்.சி. காப்பியை வாங்கினார். கண்ணாடி போடவில்லை. அரை நிமிஷம் இருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள் பார்க்கிற பார்வை அது. அளவு இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏந்தம்பி, இங்க அபோட் இருக்குமே, எங்க?”

“நாந்தாங்கண்ணா எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“அது… சரியான இங்கிலீஷ் இல்லீங்கண்ணா. தெளிவா இல்ல.”

அறையில் முதலாளி, அக்கவுண்ட்ஸ் அம்மா, நான், அண்ணன். ஃபேன் சத்தம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ கணக்கில் ஒரு சைபர் விட்டுப்போனதைப் பார்த்த மாதிரி, “தெளிவா இல்லியா?” என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். “அது சுமாருன்னு அர்த்தமில்ல கண்ணு. பத்துப் பர்சென்ட்டுன்னு அர்த்தம்.”

முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. “கூட 360 பீஸ் போனா அவனுக்கு லாபந்தானப்பா? கொறச்சா அனுப்பிச்சோம்?” என்றார். “பேங்குக்காரன் பனியனைப் பிரிச்சுப் பாக்கறதில்லீங்க. காயிதத்தைத்தான் பாக்கறான்” என்றார் அண்ணன்.

பென்சில் கோடு

அன்று சாயங்காலம் தன் டிராயரிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். யூசிபி 600. எல்.சி.க்கான விதிகள், பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை வெளியிடுவது. 1933-ல் முதலில் வந்து, திருத்தித் திருத்தி, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் வடிவம். மொத்தமே 39 பிரிவுகள். அதில் 30-வது பிரிவுக்கு அடியில் பென்சில் கோடு. அபவுட், அப்ராக்ஸிமேட்லி என்ற வார்த்தை தொகைக்கோ அளவுக்கோ பீஸ் விலைக்கோ பக்கத்தில் இருந்தால், அது எதைக் குறிக்கிறதோ அதில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். எதைக் குறிக்கிறதோ அதில் மட்டும். அதனால்தான் அண்ணன் இரண்டு இடத்திலும் போட்டிருக்கிறார், அளவுக்கு ஒன்று, தொகைக்கு ஒன்று. ஒன்றை மட்டும் போட்டிருந்தால் சரக்குக்கு வழி திறந்து பணத்துக்கு அடைத்திருக்கும். அடுத்த பத்தியில், ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஐந்து சதவீதம் போகலாம் என்று இருந்தது. ஒரு கணம் உயிர் வந்தது. அதற்கு அண்ணன் சொன்னார், “முழுசாப் படி.” எண்ணிக்கையில், பீஸ் கணக்கில் சொல்லியிருந்தால் அந்த ஐந்து கிடையாது. டன் கணக்கில் நூல் விற்கிறவனுக்கு அது, எண்ணிப் பெட்டி கட்டுகிறவனுக்கு இல்லை.

அந்த ஜெராக்ஸை ரூமுக்குக் கொண்டுபோய் விடியவிடியப் படித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை அதற்கு முன்னால் படித்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. மூன்றாவது பிரிவில் ஒரு வரி: ப்ராம்ப்ட், இம்மீடியட்லி, ஏஸ் சூன் ஏஸ் பாசிபிள் போன்ற வார்த்தைகள் எல்.சி.யில் இருந்தால் அவை கண்டுகொள்ளப்பட மாட்டா. நாங்கள் தினம் இருபது மெயிலில் எழுதுகிற, எங்களுக்கு இருபது மெயிலில் வருகிற, பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிற வார்த்தைகள். எழுதாத மாதிரிதான் பேங்க் எடுத்துக்கொள்ளும். மாதத்தின் ‘எண்ட்’ என்றால் 21-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை. ‘ஆன் ஆர் அபவுட் 10’ என்றால் 5 முதல் 15 வரை, இரண்டு முனையும் சேர்த்து. ‘டில் 20’ என்றால் இருபதும் உள்ளே. ‘பிஃபோர் 20’ என்றால் இருபது வெளியே. அதே அபவுட்தான், தேதிக்குப் பக்கத்தில் நின்றால் ஐந்து நாள், அளவுக்குப் பக்கத்தில் நின்றால் பத்து சதவீதம். நான் துள்ளிக் குதித்து மனப்பாடம் செய்த நீள வார்த்தைகள் ஒன்றுக்கும் இப்படி ஒரு எடை இருந்ததாக அங்கே தெரியவில்லை. அரைக்கால் சட்டை போட்ட வயதில் படித்து ஒதுக்கிய இரண்டெழுத்து, நாலெழுத்து வார்த்தைகள்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.

பையருக்கு மெயில் போனது. கூடுதல் அளவை ஏற்றுக்கொண்டு காகிதத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டோம். பதில் ஒரே நாளில் வந்தது, அழகான இங்கிலீஷில், வருத்தத்தோடு, நட்போடு, கடைசிப் பத்தியில் மொத்த இன்வாய்ஸுக்கு ஐந்து சதவீதம் டிஸ்கவுண்ட். அவனுக்கும் அந்தச் சீசன் மந்தம் போலிருக்கிறது, வாய்ப்பு தானாக வந்தால் யார் விடுவார்கள். சரக்கு கடலில் இருக்கிறது, திருப்பிக் கொண்டுவர முடியாது. கொடுத்தோம். 1,483 டாலர் சொச்சம். ஆறு பெட்டியால் வந்த கூடுதல் 864 டாலர். காதர்பேட்டைக்கே போட்டிருக்கலாம். முதலாளி என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு, யாராவது ஏதாவது தெளிவாகச் சொல்லவில்லை என்றால் “நம்ம தம்பிகிட்டக் குடுங்க, தெளிவு பண்ணீருவான்” என்பார். பிடித்திருந்தாலே தேவலாம்.

அண்ணனிடம் வேறொன்றும் இருந்தது, அதை எனக்குக் காட்ட இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. பழைய ஆர்டர் டைரி. எல்.சி. காப்பியிலிருந்து வெட்டி எடுத்த வரிகள், பக்கத்துக்கு ஒன்று, பசையால் ஒட்டியிருந்தார். எதிரே அர்த்தம் எழுதவில்லை. கீழே தமிழில் நடந்ததை இரண்டு வரி, அதற்குக் கீழே ஒரு தொகை. ‘பிஃபோர்’ பக்கத்தில்: அன்னைக்கே ஏத்துனோம், முந்தின நாளே போயிருக்கணும், 400 டாலர். ‘ஃப்ரம்’ மட்டும் இரண்டு பக்கத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “சரக்கு ஏத்தறதுக்குச் சொன்னா அந்தத் தேதியும் சேரும். பணம் வர்றதுக்கு நாள் எண்ணுனா அந்தத் தேதி சேராது. ரெண்டுக்கும் தனித்தனியாக் குடுத்தாச்சு” என்றார். குடுத்தாச்சு என்றது பணத்தை. அபவுட்டுக்குப் பக்கம் இல்லை. அது அவருக்குச் செலவு வைக்காத வார்த்தை. டைரியைத் திருப்பி ஒரு வெற்றுப் பக்கத்தை விரித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். என் கையெழுத்தில் 1,483 என்று எழுதினேன். “864-ஐக் கழிச்சுக்கலாமுங்களாண்ணா?” என்று கேட்டதற்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

நான்காம் நாள் அக்கா மகளுக்குப் பதில் போட்டேன். படி, நல்ல பட்டியல்தான், ஆனால் கம்பெனியில் சேர்ந்ததும் ஒரு பழைய எல்.சி. காப்பி கிடைத்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்க்கலாம் என்று. ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். 500-ஐயும் 23 நாளில் முடித்துவிட்டதாக அக்கா பெருமையாகச் சொன்னாள். சேர்ந்து இரண்டாவது வாரம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னாலே மெஷின் சத்தம்.

“மாமா, ஒரு சின்ன டவுட். ‘ஃப்ரம்’னு ஒரு தேதி போட்டிருக்குது. அந்தத் தேதியும் சேருமா, சேராதா?”

“எதுக்குப் பக்கத்துல இருக்குது கண்ணு? சரக்கு ஏத்தறதுக்கா, பணம் வர்றதுக்கா?”

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. “இருங்க, பாத்துட்டு வர்றேன்” என்று போனைக் கட் பண்ணாமலே போனாள்.